வெளியே உட்கார வைத்த ஆட்டக்காரனும் கிளப்புக்குச் சொந்தக்காரனும்

சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார் என்று சபர் போயிருப்பவர்களுக்கும், இன்று தொழிலுக்குப் போகாமல் ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

மூன்று வாரமாக நம்மூர் கால்பந்து கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னையும் அதில் யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நம்மூரிலிருந்து போய் வெளிநாட்டில் நன்றாக இருக்கும் ஒருவர் பொட்டலுக்கு விளக்குக் கம்பம் போட்டுத் தருகிறேன், ஜெர்சி, பூட்ஸ், டோர்னமெண்ட் நுழைவுக் கட்டணம், வேன் வாடகை எல்லாம் தருகிறேன் என்கிறார். பதிலுக்கு அவர் கேட்பது இரண்டு. கிளப் பெயருக்கு முன்னால் அவர் நிறுவனத்தின் பெயர் வரவேண்டும். அணியை அவர் சொல்லும் ஆள் தேர்வு செய்வார். பாதிப் பேர் "வாங்கிக்கலாம்டா" என்கிறீர்கள். மீதிப் பேர் "எங்க அப்பா காலத்துக் கிளப்பை விக்கிறதா" என்கிறீர்கள். நடுவில் ஒரு தம்பி, "வரலாறு சார் சொல்லட்டும்" என்று என்னை இழுத்துவிட்டான்.

சரி, வரலாறு சொல்கிறேன். முதலில் ஒரு திருத்தம். 1950-ல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும் போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்று சொன்னதால்தான் போகவில்லை. இதை நானே உங்களில் எத்தனையோ பேருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சுவையான கதை, அதனால் சொன்னேன். ஆனால் நம் கால்பந்துச் சம்மேளனம் அப்போது முறையாகச் சொன்ன காரணம் அது இல்லை. பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்றார்கள், அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்றார்கள். செலவில் பெரும்பகுதியை பிரேசில்காரர்கள் ஏற்றுக்கொள்ள முன்வந்தும் போகவில்லை. ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை என்ன என்ற எண்ணம் அன்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள், யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். ஆக, உலகக் கோப்பையைத் தவறவிட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற சண்டை. உங்கள் வாட்ஸ்அப் குழு தனியாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். அது கல்கத்தாவில் நடந்தது. அங்கே கால்பந்து என்றால் இரண்டு பெயர்தான் முதலில் வரும், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் 1889-ல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்ற அணி. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்கால். வெள்ளைக்காரனை நம்மாலும் தோற்கடிக்க முடியும் என்று ஜனங்கள் நேரில் பார்த்த நாள் அது. இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது போட்டிருக்கலாம், போடவில்லை.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த கதைதான் நமக்கு வேண்டியது. 1920 ஜூலை 28. ஜோராபகான் என்ற கிளப்புக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்று ஒரு தடுப்பாட்டக்காரர். அன்றைக்கு அவரை எடுக்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி, வசதியானவர், கிழக்கு வங்கத்துக்காரர். போஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். மறுத்துவிட்டார்கள். கிழக்கு வங்கத்து ஆட்கள் என்றால் கல்கத்தாக்காரர்களுக்கு இளக்காரம், அதனால்தான் ஒதுக்கினார்கள் என்று இவர்களுக்குப் பட்டது. சவுத்ரி கிளப்பை விட்டு வெளியேறினார். சில நண்பர்களையும் சைலேஷ் போஸையும் சேர்த்துக்கொண்டு ஆகஸ்ட் 1-ந் தேதி புதுக் கிளப்பையே தொடங்கிவிட்டார். நான்கே நாள். முதல் தலைவராக இருந்தவர் சாரதா ரஞ்சன் ராய். சினிமா எடுத்த சத்யஜித் ராயின் தாத்தாவுக்கு அண்ணன்.

ஒரு ஆளை வெளியே உட்கார வைத்ததில் பிறந்த கிளப்புக்கு இப்போது நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1947-ல் நாடு பிரிந்து, கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கான ஜனங்கள் வீடு வாசல் விட்டு வந்தபோது, அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்ல அந்த நகரத்தில் இருந்த ஒன்று இந்தக் கிளப். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன் குழம்பு, மோகன் பகான் ஜெயித்தால் இறால். அன்றைக்கு மீன் விலையே ஆட்டத்தைப் பார்த்து ஏறும் என்பார்கள். நம் ஊரிலிருந்து ஏலம் போகும் இறாலுக்கு இப்படி ஒரு கிராக்கி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1949 முதல் 1953 வரை அந்த அகதிகளின் கிளப்பைத் தூக்கி நிறுத்திய ஐந்து முன்கள ஆட்டக்காரர்களும் வங்காளிகளே இல்லை. வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டுக்காரர்கள். பஞ்ச பாண்டவர் என்று அவர்களுக்குப் பெயர். 1949, 50, 51 மூன்று வருடமும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. ஜோதிஷ் சந்திர குஹா என்ற செயலாளர் ஊர் ஊராகத் தேடி ஆள் பிடித்து வந்தவர். 'நம்ம ஊர்க்காரனை ஒதுக்கிவிட்டார்கள்' என்று கோபித்துக்கொண்டு பிறந்த கிளப், தேர்வு என்று வந்தபோது ஊர் பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் "கோட்டைப்பட்டினத்துப் பையன எதுக்குடா சேக்கணும்" என்று எழுதிய தம்பி இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

இன்னொரு தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. பயிற்சியாளர் ரஹீம் சாகிப், ஹைதராபாத்துக்காரர், அவரும் ஆசிரியராக இருந்தவர்தான். புற்றுநோய் உடம்பில் இருந்தது. ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர், தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். ரஹீம் அவரைக் கொண்டுபோய் முன்களத்தில் நிறுத்தினார். தடுப்பாட்டக்காரனை, அதுவும் காயத்தோடு, கோல் அடிக்க அனுப்புவதா என்று யாருக்கும் தோன்றும். அரையிறுதியில் கோல், இறுதிப் போட்டியில் தென்கொரியாவுக்கு எதிராகவும் கோல். 2-1, தங்கம். அந்தக் குழுவில் தங்கராஜ் என்ற கோல்கீப்பரும் அருமைநாயகம் என்ற முன்கள ஆட்டக்காரரும் இருந்தார்கள் என்பதைப் பெயரைப் பார்த்தே நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். அடுத்த வருடம் ரஹீம் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வரவில்லை. 2023-ல் ஒரு செய்தி படித்தேன். நம் தேசிய அணியின் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஆட்டக்காரர்களின் பட்டியலை டெல்லி ஜோதிடர் ஒருவருக்கு அனுப்பி யாருக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாராம், அதற்குச் சம்மேளனம் பல லட்சம் கொடுத்ததாம். ரஹீம் சாகிப் எந்த ஜோதிடரிடம் போனார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

சரி, சொந்தக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நாட்டில் பழைய கிளப்புகள் உறுப்பினர் சந்தாவில் நடந்தவை. இன்னொரு வகை, ஆபீஸ் அணிகள். சென்னையில் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். மாதிரி. நன்றாக ஆடினால் வேலை. நம் மாவட்டத்துப் பெற்றோர் பையனை மைதானத்துக்கு அனுப்பியதற்கு அந்த வேலை ஒரு பெரிய காரணம். ஆட்டம் முடிந்தாலும் சம்பளம் முடியாது.

1996-ல் தேசிய லீக் வந்தது. கம்பெனிகள் கண் வைத்தன. 1997-ல் கொச்சியில் எஃப்.சி. கொச்சின் என்று தொழில்முறைக் கிளப் ஒன்று பெரிய ஆரவாரத்தோடு தொடங்கியது. ஐ.எம். விஜயன் ஆடினார். நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் 10 கோல் அடித்து முதலிடம் வந்தது அந்தக் கிளப்புக்குத்தான். முதல் வருடமே டூரண்ட் கோப்பையை, அதுவும் மோகன் பகானை வென்று எடுத்தார்கள். ஐந்து வருடத்தில் பணம் வற்றி, சம்பளம் பாக்கி விழுந்து, 2002-ல் கிளப்பே இல்லை. முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணியை 2011-ல் மூடினார்கள். அதற்கு முந்தின வருடம் மும்பையில் மஹிந்திரா யுனைடெட். லீக் சாம்பியனாக இருந்த அணி அதுவும். இங்கெல்லாம் ஆதரவாளர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி ஆரம்பித்தது, கம்பெனி மூடியது.

கல்கத்தாவில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. 1998-ல் யு.பி. குழுமம் இரண்டு கிளப்பிலும் பங்கு எடுத்து, பெயருக்கு முன்னால் தன் சரக்குப் பெயரை ஒட்டியது. கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால், மெக்டவல் மோகன் பகான். ஜனங்கள் வாயில் அந்த முன்பெயர் ஒட்டவே இல்லை. 2018-ல் ஈஸ்ட் பெங்காலின் 70 சதவீதம் குவெஸ் என்ற கம்பெனிக்கு. இரண்டு வருடத்தில் அவர்கள் போனார்கள். 2020-ல் ஸ்ரீ சிமெண்ட், 76 சதவீதம். ஐ.எஸ்.எல்.-க்குள் நுழைய அந்தப் பணம் வேண்டியிருந்தது. முதல் ஒப்பந்தம் ஆனது, இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம், உறுப்பினர் உரிமை போய்விடும் என்று பழைய நிர்வாகிகள் நின்றுகொண்டார்கள். 2021 ஜூலையில் கிளப் வாசலில் ஆதரவாளர்கள் கூடினார்கள். ஒரு கூட்டம் "கையெழுத்துப் போடு" என்கிறது, இன்னொரு கூட்டம் "போடாதே" என்கிறது. போலீஸ் தடியடி நடத்தியது. இரண்டு பக்கமும் அதே சிவப்பு-மஞ்சள் சட்டை. அந்த இரண்டு பருவத்தில் 11 அணிகளில் ஒன்பதாவது இடம், அடுத்து கடைசி இடம். பணம் போட்டவருக்கும் நிம்மதி இல்லை, கிளப்புக்கும் கோப்பை இல்லை. 2022-ல் ஸ்ரீ சிமெண்ட் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தது, இமாமி வந்தது.

மோகன் பகான் கதை வேறு மாதிரி. 2020-ல் ஏ.டி.கே. என்ற அணியை வைத்திருந்த குழுமம் மோகன் பகானில் 80 சதவீதம் வாங்கி, ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயர் வைத்தது. பணம் குறைவில்லாமல் வந்தது, நல்ல அணியும் வந்தது. ஆனால் ஆதரவாளர்கள் அந்த மூன்று எழுத்தை ஏற்கவில்லை. எங்கள் பெயருக்கு முன்னால் இன்னொரு கிளப்பின் பெயர் எதற்கு என்று மூன்று வருடம் விடாமல் கேட்டார்கள். கேலரியில் பதாகை, தெருவில் ஊர்வலம். 2023 மார்ச் 18, கோவாவில் இறுதிப் போட்டியில் பெங்களூருவை பெனால்டியில் வென்று ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்த அதே இரவு உரிமையாளர் மைதானத்திலேயே அறிவித்தார், அடுத்த பருவத்திலிருந்து ஏ.டி.கே. இல்லை, மோகன் பகான் சூப்பர் ஜெயண்ட் என்று. பின்னால் ஒரு ஒட்டு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லாத ஜனங்கள் கத்திக் கத்தியே மூன்று எழுத்தை எடுக்க வைத்தார்கள்.

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னையின் எஃப்.சி. 2014-ல் வந்தது. அபிஷேக் பச்சன், வீடா தானி, நம்ம தோனி. 2015 டிசம்பரில் கோவாவில் 90 நிமிடம் முடியும்போது 2-1 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று ஜெயித்தது நினைவிருக்கிறதா? நம்மூர் டீக்கடையில் வாய்பிளந்து பார்த்தோம். 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2. தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் பதினோரு பேரில் தமிழ்ப் பையன்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை, பஞ்ச பாண்டவர் கதையை நான்தானே சொன்னேன். ஆனாலும் மனசு தேடத்தான் செய்கிறது.

எனக்கு நெஞ்சில் நிற்பது சென்னை சிட்டி எஃப்.சி.தான். பெயர்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த சில பேர், அதில் பெத்ரோ மான்சி 21 கோல். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் பையன்கள். 2019 மார்ச் 9, ஐ-லீக் கடைசி நாள். மினெர்வா பஞ்சாபுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். பிறகு 3-1 என்று ஜெயித்தார்கள். 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் இந்தியாவின் சாம்பியன். அதே வருடம் மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆண், பெண் இரண்டு லீக் கோப்பையும் தமிழ்நாட்டில் இருந்த வருடம் அது. எந்தச் சட்டசபையும் ஒரு நாள் ஒத்திவைத்துக் கொண்டாடவில்லை, போகட்டும்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுத்திருந்தது. ஐரோப்பாக் கதவே திறந்துவிட்டது என்று பேச்சு. அந்த வருட அக்டோபரில், ஐ.எஸ்.எல்.தான் இனி நாட்டின் முதல் லீக் என்று ஆனது. ஐ-லீக் சாம்பியனுக்கு அதற்குள் போக அன்று வழி இல்லை. கட்டணம் கட்டி வாங்கிய அணிகளின் லீக் அது, ஜெயித்து ஏறும் லீக் அல்ல. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் போனார்கள். 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியனாகி இரண்டே வருடம். கோயம்புத்தூரில் அன்று கத்திய ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்காவது, இந்தக் கிளப்பை மூடலாமா என்று கேட்டு ஒரு கடிதம் போயிருக்குமா? போயிருக்காது. அவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள், அவ்வளவுதான்.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.-ஐயே நிறுத்திவைத்தார்கள். சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியவிருந்தது, அடுத்தது என்ன என்று அப்போது முடிவாகியிருக்கவில்லை. லீக் நின்றால் ஆட்டக்காரன் சம்பளம் நிற்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நம் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நமக்காவது ஏப்ரல் 15, ஜூன் 14 என்று தேதி இருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி என்று சபர்க்காரர்கள் கேட்பீர்கள். ஜெர்மனியில் ஒரு விதி. கிளப்பை கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாம் என்று 1998-ல் அனுமதித்தார்கள், ஆனால் ஓட்டில் பாதிக்கு மேல் ஒன்றாவது உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு. மற்றபடி பணக்காரர் எவ்வளவு போட்டாலும் கடைசிக் கை ஜனங்களுடையது. இங்கிலாந்தில் அப்படி விதி கிடையாது. 2002-ல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை அதன் முதலாளிகள் வேறு ஊருக்கே தூக்கிக்கொண்டு போக அனுமதி வாங்கிவிட்டார்கள். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தள்ளி. நம் கிளப்பைத் தூக்கித் திருச்சியில் வைப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தூரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆதரவாளர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. புதுக் கிளப் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களுக்கு எங்கே போவது? பொட்டலில் திறந்த தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தார்கள். சுமார் 230 பேர் வந்தார்கள். ஒன்பதாம் படிநிலை லீக்கில் ஆரம்பித்து ஒன்பது வருடத்தில், 2011-ல், தொழில்முறை லீக்குக்குள் வந்துவிட்டார்கள். இன்றும் அது ஆதரவாளர் அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது. 1920-ல் கல்கத்தாவில் நடந்ததற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

ஆனால் கல்கத்தாக் கதையில் ஒரு முள் இருக்கிறது. அதை வருடக்கணக்காக நான் கவனிக்கவில்லை. சுரேஷ் சந்திர சவுத்ரி யார்? பணமும் பதவியும் உள்ளவர். அவர் அணித் தேர்வில் தலையிட்டார். ஜோராபகான்காரர்கள் அவர் பேச்சைக் கேட்க மறுத்தார்கள். பணம் போடுபவர் தேர்வில் தலையிடக் கூடாது என்பதுதானே உங்களில் பாதிப் பேர் கட்சி? அப்படிப் பார்த்தால் ஜோராபகான் செய்தது சரி. சவுத்ரி பேசியது ஒதுக்கப்பட்டவனுக்காக, அதனால் நாம் அவர் பக்கம் நிற்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், எனக்கும் ஒரு சைலேஷ் போஸ் உண்டு. இது நாள் வரை யாரிடமும் சொன்னதில்லை.

1994. பள்ளி அணியை மாவட்டப் போட்டிக்கு நான் கூட்டிப்போன வருடம். உடற்கல்வி ஆசிரியர் இடம் காலி, அதனால் வரலாறு வாத்தியார் கையில் விசில். நடுக்களத்தில் ஒரு பையன். மெலிந்த உடம்பு. பந்து அவன் காலுக்கு வந்தால் மற்ற பத்துப் பேருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், அப்படி ஆடுவான். அப்பா அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் படகு முதலாளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். வேன் வாடகை, பதினாறு ஜோடி பூட்ஸ் எல்லாம் அவர் பணம். டீ குடித்தார். போகும்போது, "சார், நம்ம பையனும் ஆடுறான்ல?" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, கேட்கக்கூட இல்லை. நான்தான் இரவெல்லாம் புரண்டு, காலையில் பட்டியலில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினேன். பதினாறில்கூட வைக்கவில்லை, பக்கத்தில் உட்கார வைத்தால் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று ஊரிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். 2-1 என்று ஜெயித்தோம். முதலாளி பையனும் மோசமாக ஆடவில்லை. அதனால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பையன் மட்டும் அடுத்த வாரத்திலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. பத்தாவது முடித்ததும் கடலுக்குப் போய்விட்டான்.

போன மாதம், உங்கள் சண்டை ஆரம்பித்த பிறகு, துறைமுகத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். இப்போது ஐம்பதை நெருங்குகிறான். படகு டிரைவர். நாலு வருடம் முன்பு எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக் கொண்டுபோய், ஆள் திரும்பி வந்தும் படகு வரவில்லை. இப்போது வேறு படகு. ஐஸ் பெட்டி மேல் உட்காரச் சொன்னான். விஷயத்தைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத இன்னமுமா சார் நெனச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றான். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும் சார். வேன் யாரு காசுன்னு ஊருக்கே தெரியுமே. ஆனா நீங்க வீட்டுக்கு வந்து, இந்த மாதிரிடா, நாளைக்கு நீ இல்லடான்னு சொல்லியிருக்கலாம். நா காலைல அஞ்சு மணிக்கே பூட்ஸத் தொடச்சு வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னேன். வேன் என்னத் தாண்டித்தான் போச்சு" என்றான்.

வேனில் நான் முன் சீட்டில் இருந்தேன். அவன் நின்றதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் மகன்தான் இப்போது உங்கள் கோல்கீப்பர். ஊரில் பல பேருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்தவர்கள் என் முகத்துக்காகச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆக, என் கருத்து என்ன என்று கேட்டால் சொல்கிறேன். பணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பூட்ஸ் இல்லாமல் ஆடிய பெருமை பேசுவதற்கு நன்றாக இருக்கும், கண்ணாடி ஓடு குத்தும்போது நன்றாக இருக்காது. விளக்குக் கம்பம் வரட்டும். திங்கள், புதன், சனி படகு போகும் நாள். மறுநாள் கரையேறி மீன் இறக்கி முடித்து இருட்டிய பிறகுதான் பாதி அணி மைதானத்துக்கு வரமுடிகிறது. நம் கிளப்பின் உண்மையான தேர்வாளர் யார் என்றால் எந்தப் படகு எப்போது கரைக்கு வருகிறது என்பதுதான். விளக்கு இருந்தால் அது கொஞ்சம் மாறும்.

பெயரை விற்காதீர்கள். ஜெர்சியின் முதுகில் அவர் நிறுவனப் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். படகுப் பங்கு பிரிக்கிற மாதிரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டீசல், ஐஸ் செலவு போக முதலாளிக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று கரையிலேயே பேசிவிட்டுத்தானே ஏறுகிறோம், வலை நிறைந்த பிறகா பேசுகிறோம்? அவர் எத்தனை வருடம் தருவார், நிறுத்தினால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், விளக்குக் கம்பம் யார் சொத்து, எல்லாம் இப்போதே தாளில் வரட்டும். எஃப்.சி. கொச்சின்காரர்கள் இதைப் பேசியிருந்தால் பல வீடுகளில் அடுப்பு அணைந்திருக்காது.

தேர்வுக்கு மூன்று பேர். ஒருவர் அந்த ஆண்டு ஆடாத பழைய ஆட்டக்காரர், ஒருவர் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் நல்லது, ஒருவரை வேண்டுமானால் அவர் அனுப்பட்டும். மூன்றில் ஒரு ஓட்டு அவருக்கு. சவுத்ரி மாதிரி நல்லதுக்காகப் பேசினால் கேட்கப்படட்டும். டீ குடித்துவிட்டுப் போகிறபோது பேசுகிற பேச்சாக இருக்க வேண்டாம். யாரை விட்டாலும் அவனிடம் முந்தின நாள் இரவே, வீட்டுக்குப் போய், ஏன் என்று சொல்லிவிட வேண்டும். இதைக் கிளப் விதியாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் எல்லாருக்கும் சம்மதம் வராது, எனக்குத் தெரியும். என் அண்ணன் மகன் ஏற்கெனவே போன் பண்ணி, "சித்தப்பா, இப்படியெல்லாம் கண்டிஷன் போட்டா அந்த ஆளு பணத்தத் தூக்கிட்டு பக்கத்து ஊருக்குப் போயிருவாரு" என்றான். போகலாம். 2023 ஆகஸ்டில் எட்டு ஆட்டம் தொடர்ந்து மோகன் பகானிடம் தோற்றிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே கோலில் வெற்றி வாங்கிக் கொடுத்தவர் நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். அத்தனை தோல்விக்கும் கேலரி காலியாகவில்லை என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

கூட்டம் வருகிற ஞாயிறு மாலை, அஸருக்குப் பிறகு, மைதானத்து வேப்பமரத்தடியில். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ கால் போட்டுத் தருவதாகத் தம்பிகள் சொல்லியிருக்கிறார்கள். பழைய சந்தா நோட்டு யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவரவும், 1980-களில் பச்சை அட்டை போட்டது. அதில் யார் யார் இரண்டு ரூபாய் கொடுத்தார்கள் என்று இருக்கும். அந்தப் படகு டிரைவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அன்று கரையில் இருந்தால் வருகிறேன் என்றான்.